நாலு பேர் வந்தால்

சென்ற ஆவணியில் ஒரு முற்பகல், சோறு வடிக்கும்போது அம்மாவின் கை சற்றே நழுவி, கொதிக்கும் கஞ்சி இடது பாதத்தின் மேல் கொட்டிவிட்டது. செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவும் மழை பெய்ததா, மின்சாரம் இருக்கிறதா என்ற வழக்கமான விசாரணைகளுக்கு நடுவே, "கால்ல லேசா கஞ்சி பட்டுடுத்து, ஒண்ணுமில்லை" என்று ஓர் இடைச்செருகலாக. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் எழுபத்து நான்கு வயதில் தனியாக இருக்கும் தாய்மார்கள், சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்திகளை இந்த வரிசையில்தான் சொல்வார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது கணுக்காலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. லேசாகப் பட்டது அல்ல அது.

பாதத்தைப் பார்த்துவிட்டு நான் அடுத்துப் பார்த்தது பாத்திரத்தை. ஐந்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம். விளிம்பில் அப்பாவின் தலையெழுத்தும் எங்கள் அத்தையின் திருமண நாளும் பொறிக்கப்பட்டிருந்தன. வீட்டில் ஆறு பேர் இருந்த காலத்தில் அரைப்படி அரிசி வெந்த பாத்திரம். இன்று அதில் ஒருத்திக்கு வேண்டிய ஒரு ஆழாக்கு அரிசியைப் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு பரிதாபமாகக் கிடக்கும். ஆகவே அம்மா இரண்டு ஆழாக்கு போடுகிறாள். அகலத்துக்கு ஏற்பத் தண்ணீரும் கூடுதலாக வைக்கிறாள். தண்ணீரும் சோறும் பாத்திரமுமாக நான்கு கிலோவுக்குக் குறையாத ஒன்றை, மேலே வடிதட்டைப் பொருத்தி, துணியால் இருபுறமும் பிடித்து, எழுபத்து நான்கு வயதுக் கைகளால் சரிக்கிறாள். மீந்த சோறு குளிர்பதனப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியைத் திறந்தேன். மூன்று நாள் குழம்பு, இரண்டு நாள் கூட்டு, எந்த நாளையது என்று தெரியாத ஒரு கிண்ணம் பருப்பு. அவள் சமைப்பது ஒரு நாள், சாப்பிடுவது மூன்று நாள் என்று ஆகியிருந்தது.

இந்தக் கட்டுரை பாத்திரங்களைப் பற்றியது. இலக்கிய வாசகர்கள் கூடுமிடத்தில் பாத்திரங்கள் என்றால் கதாபாத்திரங்களைத்தான் எதிர்பார்ப்பார்கள். நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இங்கே நான் சொல்லப்போவது தட்டு, கிண்ணம், கரண்டி, குக்கர் இவற்றின் அளவைப் பற்றி மட்டுமே. ஆனால் அந்த அளவை நம் வீடுகளில் யார் தீர்மானிக்கிறார்கள் என்று யோசித்தால், அதில் ஒரு கதாபாத்திரமும் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் பெயர் 'நாலு பேர்'.

"நாலு பேர் வந்தால் என்ன செய்வது?" எந்த வீட்டுப் பெண்ணையும் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போய், சிறியதொன்றைக் காட்டிப் பாருங்கள். இந்த வாக்கியம் வந்துவிடும். நாலு பேர் வந்தால் போதாது, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நாலு பேர் மத்தியில் கௌரவமாக இருக்க வேண்டாமா. தமிழில் இந்த நாலு பேர் விருந்தாளிகளாகவும் வருவார்கள், ஊராராகவும் வருவார்கள், கடைசியில் நம்மைத் தூக்கிப் போவதற்கும் அவர்களே வருவார்கள். வராத நாட்களிலும் நம் பரண்களில் குடியிருப்பவர்கள் அவர்கள்தாம். வருடத்தில் ஐந்து நாள் வருகிறவர்களுக்காக முந்நூற்று அறுபது நாளும் பெரிய பாத்திரத்தில் சமைக்கிறோம், பெரிய பாத்திரத்தைத் தேய்க்கிறோம், பெரிய பாத்திரத்தைத் தூக்குகிறோம்.

பழைய வீடுகளுக்கு இந்த அளவுகள் நியாயமாகவே பொருந்தின. பெரியவர்கள், பிள்ளைகள், பண்ணையாள், போகிற வருகிறவர்கள் என்று பந்தி பந்தியாகச் சாப்பிட்ட கூடங்களில் தவலையும் அண்டாவும் ஆடம்பரம் அல்ல. பிறகு வீடு சுருங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர், 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாலு பேருக்கும் சற்றுக் குறைவு. அதாவது நாம் அஞ்சுகிற அந்த நாலு பேர் சராசரித் தமிழ்க் குடும்பத்தின் மொத்த எண்ணிக்கையைவிட அதிகம்! வீடு சுருங்கிய வேகத்தில் சீர்வரிசை சுருங்கவில்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்கள் மண்டபத்தில் பரப்பி வைக்கப்படுகின்றன. பரப்பி வைக்கிற எதற்கும் கண்ணுக்கு நிறைவான அளவு வேண்டும். ஒன்றரை லிட்டர் குக்கரைச் சீர்த்தட்டில் வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எவர்சில்வர் வேறு ஒரு காரணம். பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் துலக்க வேண்டும், அடிபட்டால் நசுங்கும். அதன் அளவு கூடக்கூட உழைப்பும் கூடியது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத இரும்பு நம் வீடுகளுக்கு எவர்சில்வர் என்ற அழகான பெயரோடு வந்து சேர்ந்தபோது, இந்தத் தண்டனைகள் நீங்கிவிட்டன. கடைகளில் கிலோ கணக்கில் விற்றார்கள். தெருவில் பழைய பட்டுப்புடவைக்கும் கால்சட்டைக்கும் மாற்றாகக் கொடுத்தார்கள். என் சிறுவயதில் அப்பாவின் நான்கு கால்சட்டைகள் ஒரு குண்டானாக மாறியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி மாற்றும்போது எந்தப் பெண்ணும் தனக்கு வேண்டிய அளவைக் கேட்க மாட்டாள். கிடைக்கிறவற்றில் பெரியதைக் கேட்பாள். பேரம் அதுதான்.

இன்னொன்று, நம் கண் அளவை மதிப்பிடுவதில் மிகவும் ஏமாறக்கூடியது. 10 அங்குலத் தட்டையும் 12 அங்குலத் தட்டையும் அருகருகே வைத்தால் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பு 44 விழுக்காடு கூடிவிட்டது. பாத்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரு குண்டானைவிட அகலத்திலும் உயரத்திலும் கால் பங்கு மட்டுமே பெரிதான இன்னொரு குண்டான், கொள்ளளவில் ஏறத்தாழ இரு மடங்கு. கடை அலமாரியில் 'கொஞ்சம் பெரிசு' என்று தெரிவது வீட்டு அடுப்பில் இன்னொரு குடும்பத்துக்கான பாத்திரம் ஆகிவிடுகிறது. விலை வித்தியாசமும் அதிகம் இருக்காது என்பதால் கடைக்காரர் "நூறு ரூபாதானே சார், பெரிசா எடுத்துக்குங்க" என்பார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கேட்க விரும்புவதையே அவர் சொல்கிறார்.

நம் முன்னோருக்கு அளவு தெரியாமல் இல்லை. நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரட்டித்துக்கொண்டே போகும் அந்த வாய்பாட்டில் அடுப்படியின் தர்க்கம் முழுவதும் இருக்கிறது. ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர் என்பது பரவலான கணக்கு. படி ஊருக்கு ஊர் மாறியதால் இதுவும் சற்று முன்பின்னாக இருக்கும். மின்சார அரிசிக் குக்கரோடு ஒரு சிறிய நெகிழிக் குவளை தருகிறார்களே, அது 180 மில்லிலிட்டர். ஜப்பானியரின் 'கோ' என்ற பழைய அளவு அது. இரு வேறு தேசங்களில் அரிசி உண்பவர்கள் ஏறக்குறைய ஒரே சிறு குவளைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம். 1958 முதல் 1962க்குள் மெட்ரிக் முறை கட்டாயமாகிப் படியும் மரக்காலும் கடைகளை விட்டுப் போயின. எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் மட்டும் ஆழாக்கு இன்னும் இருக்கிறது. அரிசியை அளக்கும் கருவி சரியாகவே இருக்க, வேகவைக்கும் பாத்திரம்தான் தவறாகிப்போனது.

அளவு தவறினால் பொருளே அழிந்துவிடும் என்பதற்கு ஈயச்சொம்பைவிட நல்ல உதாரணம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ரசத்தின் மணத்துக்குக் காரணம் அதுதான் என்று நாங்கள் நம்புகிறோம். இது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அதைச் சமையலுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புத் தீயின் வெப்பம் அதைவிட மிக அதிகம். ஆனாலும் சொம்பு உருகாமல் நிற்பதற்கு ஒரே காரணம் உள்ளே இருக்கும் ரசம். கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தையும் அதிகம் தாண்ட விடுவதில்லை. ரசம் இல்லாத இடத்தில் தீ பட்டால் அந்த இடம் உருகி ஓடிவிடும். ஆக, பெரிய ஈயச்சொம்பில் கொஞ்சம் ரசம் வைப்பவர் சொம்பை இழப்பார். இதனால்தான் ஈயச்சொம்பு வாங்கப் போகும் பாட்டிகள் கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு, ஊற்றிப் பார்த்து வாங்கினார்கள். எவர்சில்வரோ மன்னிக்கும் குணம் உடையது. எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எவ்வளவு குறைவாக ஊற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமைதான் நம்மைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

இலையிலும் இந்த நுட்பம் இருந்தது. விருந்துக்கு நுனியிலை, அன்றாடத்துக்கு ஏடு, சிற்றுண்டிக்கு அதிலும் ஒரு துண்டு. ஆளுக்கும் வேளைக்கும் ஏற்பக் கிழித்துக்கொள்ளக்கூடிய ஒரு தட்டு உலகில் வேறு எங்கே இருக்கிறது? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற வாரங்களில், எங்கள் வீட்டில் தட்டின் மேல் இலைத் துண்டைப் போட்டுச் சாப்பிட்டோம். பெரிய தட்டுகளைக் கழுவ எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன் அந்தக் கணக்கு, பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணி ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. நாங்கள் அவரைக் கேட்டதில்லை.

டபராவும் தம்ளரும் இன்னொரு சாதனை. தம்ளரில் நிறையும் காபி டபராவில் ஊற்றினால் வழியாது, ஆற்ற இடம் இருக்கும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட மிகை இல்லை. அந்த ஜோடியை முதலில் வடிவமைத்தவர் பெயர் தெரிந்திருந்தால் சிலை வைத்திருக்கலாம். அந்த இடத்தில் இன்று அலுவலகங்கள் பரிசாகத் தரும் பீங்கான் குவளைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 300 மில்லிலிட்டருக்கு மேல். அரைக் குவளை ஊற்றினால் கஞ்சத்தனமாகத் தெரிகிறது. முழுக் குவளை ஊற்றினால் பாதியில் ஆறிவிடுகிறது. ஆறிய காபியைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டும் பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்தது இந்தக் குவளைகளோடுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிறிய தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவீர்கள், உடல் இளைக்கும், சர்க்கரை கட்டுப்படும் என்று பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சொல்லப்படுகிறது. நான் அதைச் சொல்ல வரவில்லை. ஒரே அளவுள்ள வட்டம், பெரிய வட்டத்துக்குள் சிறிதாகவும் நெருக்கமான வட்டத்துக்குள் பெரிதாகவும் தெரியும் என்பதை பெல்ஜிய அறிஞர் டெல்போஃப் 1865இலேயே சொன்னார். அந்தக் கண்மாயத்தைத் தட்டுக்கும் சோற்றுக்கும் பொருத்திப் புகழ்பெற்றவர்களில் முதன்மையானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். 2018 செப்டம்பரில் அவருடைய ஆறு ஆய்வுக் கட்டுரைகளை ஒரே நேரத்தில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழ்கள் திரும்பப் பெற்றன. ஆய்வு நெறி மீறல் என்று பல்கலைக்கழகமே கண்டறிந்தது. அவர் 2019இல் பதவி விலகினார். பெரிய அளவுகளில் வைத்தால் மக்கள் அதிகம் உண்கிறார்கள் என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. 2015இல் வந்த காக்ரேன் மறுஆய்வு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தட்டை மட்டும் மாற்றி உடலை மாற்றிவிடலாம் என்ற மந்திரவித்தையை நம்ப எனக்கு மனமில்லை.

அந்த ஆய்வுகள் நடந்த மேசைகளுக்கும் நம் கூடத்துக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. நம் சாப்பாடு ஒரே தடவையில் தட்டில் வந்து அமர்வதில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு திரும்பத் திரும்ப வருகிறது. நம் வீட்டில் அளவைத் தீர்மானிப்பது தட்டு அல்ல, கரண்டி. கரண்டியைப் பிடித்திருக்கும் கையும், அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் "இன்னும் கொஞ்சம்" என்ற குரலும். சர்க்கரை நோய்க்கு அஞ்சி 8 அங்குலத் தட்டு வாங்கிய நண்பர் ஒருவர் வீட்டில், அன்னக்கரண்டி பந்திக்கு உரியதாகவே இருந்தது. ஒரு கரண்டி விழுந்தால் தட்டு மறைந்துவிடும். பிசைய இடமில்லாமல் சாம்பார் மேசையில் ஓடியது. கையால் பிசைந்து உண்கிறவனுக்குத் தட்டில் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். தட்டு பத்து அங்குலத்துக்குக் குறைய வேண்டியதில்லை. குறைய வேண்டியது கரண்டி.

ஆக, 'தக்க அளவு' என்று நான் சொல்வது சிறுமையை அல்ல. தினமும் நடக்கிற காரியத்துக்கு, தினமும் அதைச் செய்கிற கைக்குப் பொருந்துகிற அளவை. செவ்வாய்க்கிழமைக்கு வாங்குங்கள், தீபாவளிக்கு வாங்காதீர்கள் என்று என் நண்பர்களிடம் சொல்வதுண்டு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு வேளைக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி என்று கொண்டால், வெந்த சோறு அதைப்போல ஏறத்தாழ மும்மடங்கு, அதாவது முக்கால் லிட்டர். வடித்துச் சமைப்பவர்களுக்கு இரண்டு லிட்டர்ப் பாத்திரம் தாராளம். குக்கரில் பருப்பும் அரிசியும் பாதிக்கு மேல் போகக் கூடாது, மற்றவை மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் விதி. அந்த விதியையும் சேர்த்தே கணக்கிட்டால்கூட மூன்று லிட்டர் போதும். பருப்புக்கு மட்டும் என்றால் ஒன்றரை. குழம்புக் கரண்டி நூறு மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. சிறிய பாத்திரத்தைச் சிறிய அடுப்பில்தான் வைக்க வேண்டும். பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுடும், எரிவாயுவும் காற்றைத்தான் சூடாக்கும். ஒரு பாத்திரத்தை வாங்கும் முன் அதில் தண்ணீர் நிரப்பி ஒரு கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். கடையில் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இவ்வளவு ஞானத்தோடும்தான் நான் கும்பகோணத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு லிட்டரில் கைப்பிடி வைத்த ஒரு பாத்திரம், ஒன்றரை லிட்டர் குக்கர், அரை லிட்டர் கொள்ளும் ஓர் ஈயச்சொம்பு, இரண்டு சிறு கிண்ணங்கள். வீட்டுக்கு வந்து கூடத்தில் பரப்பினேன். அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். குக்கரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொப்புச் சாமான் மாதிரி இருக்கிறது என்றாள். நாலு பேர் வந்தால் என்ன பண்ணுவது என்று கேட்பாள் என எதிர்பார்த்து, பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப நீங்கள்லாம் வரமாட்டேள், அப்படித்தானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பெரிய பாத்திரத்தில் அவள் சமைத்துக்கொண்டிருந்தது மறதியாலோ பழக்கத்தாலோ அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது ஆழாக்கு யாருக்கானது என்று நான் யோசித்திருக்கவில்லை.

மணிமேகலையின் அமுதசுரபியை நாம் எல்லோரும் அறிவோம். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தின் பெருமையைப் பேசும் அளவுக்கு, அது மணிமேகலையின் கைக்கு வருமுன் யாரிடம் இருந்தது, என்ன ஆயிற்று என்பதைப் பேசுவதில்லை. மதுரையில் சிந்தாதேவியிடம் அதைப் பெற்ற ஆபுத்திரன் பசித்தவர்களுக்கெல்லாம் உணவளிக்கிறான். பின்னர் நாடு செழித்து, அவனிடம் வருவார் யாரும் இல்லாமல் போகிறது. பஞ்சத்தில் வாடும் சாவகத்துக்குக் கப்பலேறிப் போகும் வழியில், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். கையில் இருப்பதோ வற்றாத பாத்திரம். அவன் பட்டினி கிடக்க அவசியமே இல்லை. ஆனால் பலரைக் காத்த பாத்திரத்தால் தன்னொருவனை மட்டும் காத்துக்கொள்ள அவனுக்கு மனம் ஒப்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

பள்ளியில் இதைப் படித்தபோது பெரிய தியாகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது எனக்கு அதில் தியாகம் தெரியவில்லை. பெரிய பாத்திரத்தைப் பழகிய கைக்குத் தனக்கு மட்டும் என்று சமைத்துக்கொள்ளத் தெரியாமல் போகிற அவலம் தெரிகிறது. என் தாய் அதன் மென்மையான வடிவம். ஊருக்குச் சமைத்தவள், தனக்காகத் தினமும் அடுப்பு மூட்டுவதில் அர்த்தமில்லை என்று எண்ணி ஒரு நாள் சமைத்து மூன்று நாள் உண்கிறாள். சிறிய பாத்திரம் வாங்கித் தருவது என்பது, "உனக்காக மட்டும், தினமும், சூடாகச் சமைத்துக்கொள்; நீ ஒருத்தியே அதற்குப் போதும்" என்று சொல்வது. அதைச் சொல்ல நான் ஒரு கடைக்காரரின் பையைப் பயன்படுத்தினேன். சொல்லத் தெரிந்தவன் ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பான்.

பாத்திரத்தின் அளவைப் பற்றிய என் கருத்தை இதற்காக நான் மாற்றிக்கொள்ளவில்லை. வருகிறவர்களுக்கான பாத்திரம் பரணில் இருக்கட்டும். வருகிறவன் ஏறி எடுத்துக் கொடுக்கட்டும், வடித்தும் கொடுக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவாயிற்று. ஐந்து லிட்டர்ப் பாத்திரத்தைத் துடைத்து, அம்மாவின் எதிரிலேயே பரணில் வைத்தேன். தீபாவளிக்கு வந்து நான்தான் இறக்கினேன். ஆறு பேருக்கு வடித்தேன். கஞ்சியில் பாதி மேடையில் வழிந்தது. நாற்பது ஆண்டுகள் அவள் தினமும் செய்தது எவ்வளவு கடினமான காரியம் என்று கைகளுக்குத் தெரிந்தது.

தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் தொலைபேசியில் அம்மா வேறொன்று சொன்னாள். நான் வாங்கித் தந்த ஈயச்சொம்பை எடைக்குப் போட்டுவிட்டு, மேலே பணம் கொடுத்து முக்கால் லிட்டரில் மாற்றிக்கொண்டாளாம். பக்கத்து வீட்டில் குடிவந்திருக்கும் வங்கியில் வேலை பார்க்கும் பெண், ராத்திரி வேலைவிட்டு வந்ததும் ரசம் சாதம் கேட்டு வருகிறாளாம். "அரை லிட்டர் பத்தலைடா. நீ கணக்குப் போட்டு வாங்கினது சரிதான், ஆனா ஒருத்தர் வந்தா ஒரு கரண்டி வேண்டாமா?" என்றாள். கடையில் தண்ணீர் கேட்டு ஊற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். "பின்னே?" என்றாள்.